ஆற்றோரத்து கேட்

ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போன பிறகுதான் தென்கோளத்து ஒட்டாகோ மாகாணத்துக்காரர்களுக்கு அந்தப் பாதையின் அருமை தெரிந்தது. ரயிலுக்கு மேடு ஆகாது. மலையைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். அதே வழியில் சைக்கிளில் போகிறவனுக்கும் மூச்சு வாங்காது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கென்றே போட்ட பாதை என்று சொன்னாலும் தகும்.

நோலினும் லிண்ட்சேயும் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பியிருந்தார்கள். பிப்ரவரிக் கோடை வெயில் மலைகளைப் பொன்னிறமாக வறுத்து வைத்திருந்தது. பாதையோரம் தைம் செடி காய்ந்து கிடந்தது. டயர் ஏறினால் ஓமத்தைக் கசக்கியது போல் குப்பென்று வாசனை வரும். இருவரும் ஊர்வம்பு பேசிக்கொண்டு, ஜல்லி கரகரக்க, ஆற அமர மிதித்தார்கள். அவசரம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் நோலின் லிண்ட்சேவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

லிண்ட்சே டனீடன் நகரத்தில் ஆயுள் முழுக்கப் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நோலின் செம்மறிப் பண்ணைக்காரி. கணவன் கென் போனபின் பண்ணையைத் தனியாளாகக் கட்டி மேய்க்கிறாள். ஒரு வருஷமாக இவர்களுக்குள் பழக்கம். இந்த வயசில் என்ன பழக்கம் என்று ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்தது, பிறகு அதற்கே அலுத்துப்போய்விட்டது. இரண்டு வாரத்துக்கு முன் அவளோடு நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "டனீடன் வீட்ட வித்துட்டு இங்கயே வந்துடட்டுமா?" என்று கேட்டுவிட்டார். சோப்புக் கையோடு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது அவளுக்கு. "சைக்கிள்ல போறோமில்ல, அன்னிக்கு சாயங்காலம் சொல்றேன்" என்று தள்ளிப்போட்டாள்.

வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள். அவரைப் பிடிக்காமல் இல்லை. பிடிக்கும், நிறையவே பிடிக்கும். ஆனால் கென்னோடு வாழ்ந்த வாழ்க்கை அவளுக்கு மறக்கவில்லை. கென் நல்லவன்தான். ஆனால் அவனும் தப்பை ஒப்புக்கொள்ள மாட்டான், இவளும் மாட்டாள். அந்த வீட்டில் ஒரு கெண்டி உடைந்தால்கூட முதலில் உடைத்தது யார் என்ற விசாரணை, அப்புறம்தான் தரையைத் துடைப்பார்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று காபியைக் கலக்கிக்கொண்டே கென் சொல்வது இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது. அவன் செத்தபோது அவள் மனசாரத்தான் அழுதாள். ஆனால் அந்தப் பேச்சு கேட்காத சமையலறை எவ்வளவு நிம்மதி என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. அந்த நிம்மதியைத் தூக்கி ஒரு பல் டாக்டர் கையில் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"யோவ் டாக்டர், கேட் விஷயம் ஞாபகம் இருக்கில்ல?" என்று குரல் கொடுத்தாள். பாதை நெடுக ஒவ்வொருவர் பண்ணையாகக் குறுக்கிடும்.

"இருக்கு தாயே. தொறந்திருந்தா தொறந்தே கிடக்கணும். மூடியிருந்தா மூடிட்டுப் போகணும். நமக்கு எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"போன மாசம் இந்த ஞானமெல்லாம் எங்க போயிருந்துச்சு?"

"அந்தக் கிடாவக் கேட்டுப் பாரு. என்னை தெய்வமா கும்பிடுது."

போன மாதம் அவர் அவளுடைய பண்ணையில் ஒரு கேட்டை மூட மறந்து, கிடா பெட்டை ஆடுகளுக்குள் புகுந்துவிட்டது. இனி ஜூன் மாதக் குளிர்கால உறைபனியில் குட்டிகள் விழும். நோலின் அதற்காக அவரைத் திட்டாத திட்டில்லை. இப்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

வழியில் இருந்த பழைய ரயில் குகைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போனார்கள். உள்ளே எதிரொலி நன்றாக வருகிறதென்று லிண்ட்சே பாட்டை எடுத்துவிட, எதிரே வந்த ஜெர்மன் பையன்கள் கைதட்டினார்கள். குகை தாண்டியதும் பள்ளத்தாக்கின் மேல் கல்தூண் பாலம். பாதிப் பாலத்தில் சைக்கிளைச் சாய்த்து நின்று, கீழே பாறைக்கிடையில் ஓடும் தண்ணீரை வெகுநேரம் பார்த்தார்கள். "இதையெல்லாம் விட்டுட்டு டனீடன்ல என்னய்யா பண்ற?" என்று கேட்கவந்து, நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மதியம், நோலினுக்குத் தெரிந்த அலிஸ்டரின் பண்ணைக்குள் ஆற்றோரத்து கேட் திறந்து கிடந்தது. அதன் வழியே இறங்கி வில்லோ மர நிழலில் உட்கார்ந்தார்கள். நோலின் கட்டிக்கொண்டு வந்த சீஸ் ரோலும் ஃபிளாஸ்க் டீயும். தண்ணீரில் காலை விட்டபடி சாப்பிட்டு முடித்ததும் லிண்ட்சே தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டார். எந்தக் கவலையும் இல்லாமல் தூங்குகிற மனிதரை எழுப்பி, சாயங்காலம் வேண்டாமென்று சொல்லப்போகிறோமே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. கிளம்பும்போது பின்சக்கரத்தில் காற்றில்லை என்று அவர் பம்ப்பும் கையுமாக மேலே பாதையில் நின்றார். அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தாள். அடுத்த வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆறும் மரமும் மூடிய கேட்டும் படம்போல் அழகாக இருந்தன.

ஆல்டர்பர்ன் ஊரின் பப்பில், கவுண்டருக்குப் பின்னால் நின்ற ட்ரூடி இரண்டு ஜிஞ்சர் பியரை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"என்னக்கா, வர்ற வழியில அலிஸ்டரோட ஆடுங்க ஆத்துல எறங்கியிருந்துச்சா? மேல தொட்டிக்குப் போற பைப் ஒடைஞ்சிடுச்சாம். கீழ் கேட்டத் தொறந்து போட்டுட்டுப் புது பைப் வாங்க அலெக்ஸாண்ட்ரா டவுனுக்குப் போயிருக்காரு. இந்த வெயில்ல அதுங்களுக்கு அந்த ஆத்துத் தண்ணிதான்."

நோலினின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தபோது கேட் மூடியிருந்ததே! அவள் மெல்ல லிண்ட்சே பக்கம் திரும்பினாள்.

"டாக்டர். அந்த கேட்ட மூடுனியா?"

லிண்ட்சே வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டு எழுந்தார். "வா. போய்த் தொறந்துட்டு வருவோம்."

"அலிஸ்டருக்கு ஃபோன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்குறாரே" என்று தவித்தாள் ட்ரூடி. "யாராவது கார்ல வந்தா அனுப்பட்டுமாக்கா?"

"காரெல்லாம் வேணாம். மூடுனவங்கதான் போய்த் தொறக்கணும்" என்றாள் நோலின். அந்தப் பக்கத்தில் அது எழுதாத சட்டம்.

திரும்பும் வழி முழுக்க எதிர்காற்று. போதாததற்கு நோலினின் வாய்.

"வாயத் தொற, இன்னும் நல்லாத் தொறன்னு ஊரையே வேலை வாங்குன மனுஷன்! ஒரு கேட்டத் தொறந்து விடத் தெரியுதா?"

"ம்."

"அங்க ஒண்ணு செத்து விழுந்துதுன்னா அலிஸ்டர் மூஞ்சில எப்பிடிய்யா முழிக்கிறது? காலைல கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே!"

"ம்."

பாதி தூரம் போனபின்தான், தன் மேல் அவ்வளவாகக் காற்று அடிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அவர் முன்னால் போய், காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு, அவளுக்குச் சரியாக மறைவு கொடுத்தபடி மிதித்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அது கண்ணில் பட்டதும் திட்டு கொஞ்சம் சுருதி இறங்கியது, நிற்கவில்லை.

கேட்டருகே ஆடுகள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. வாயைப் பிளந்து, விலா அடிக்க இரைத்துக்கொண்டிருந்தன. நல்லவேளை, எதுவும் விழவில்லை. நோலின் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சங்கிலியில் கை வைத்தாள். வைத்த கை நின்றுவிட்டது.

சங்கிலி கம்பத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, அடியிலிருந்து மேலாக வளையத்தில் மாட்டியிருந்தது. அவள் வீட்டுக் குதிரை உதட்டாலேயே சங்கிலியைக் கழற்றப் பழகிவிட்டதால் அவளாகக் கண்டுபிடித்த கட்டு அது. அந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படி மாட்டுவதில்லை. அவளுடைய பண்ணையில் ஆற்றுப் பக்கத்து கேட் எந்நேரமும் மூடியே இருக்க வேண்டும். ஆயுசெல்லாம் மூடிப் பழகிய கை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் இங்கேயும் மூடிவிட்டிருக்கிறது.

கேட்டைத் திறந்துவிட்டாள். ஆடுகள் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஆற்றுக்கு ஓடின. கடைசி ஆடு போகும்வரை அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நீ பாத்தியா?"

"பம்ப் அடிச்சிக்கிட்டே பாத்தேன். உனக்குத் தெரியாததா, ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

"ட்ரூடி சொன்னப்பவே சொல்லித் தொலையறதுக்கென்ன? இவ்வளவு தூரம் வாய் வலிக்கத் திட்டிக்கிட்டு வந்தேனே!"

"சொல்லியிருந்தா அங்கயே ஒக்காந்து சண்டை போட்டிருப்போம். ஆடு தாகத்துல நிக்குது. எவன் மூடுனான்னு அதுக்கென்ன கவல?" அவர் தொப்பியால் விசிறிக்கொண்டார். "அதுவுமில்லாம, நீ திட்டிக்கிட்டே வந்ததுல எதிர்காத்து தெரியல."

அவள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்து வரவேண்டிய பேச்சுக்காகக் காத்திருந்தாள். எப்போதும் அது வந்தே தீரும். கென்னிடமிருந்து முப்பது வருஷம் வந்திருக்கிறது. லிண்ட்சே பக்கத்தில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி உள்ளே விழுந்திருந்த ஜல்லியைத் தட்டிக் கொட்டினார். வேறெதுவும் வரவில்லை. வராது என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது.

"தப்பு என்னுதுதான், லிண்ட்சே" என்றாள். கென்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. சொல்லிவிட்டால் ஏதோ குறைந்துபோகும் என்றுதான் இத்தனை காலம் பயந்திருந்தாள். ஒன்றும் குறையவில்லை, உடம்பு லேசானதுதான் மிச்சம். "டனீடன் வீட்ட வித்துடு."

ஷூவைக் கையில் பிடித்தபடி அவர் அசையாமல் இருந்தார். "என்ன சொன்ன?"

"காதுக்குள்ளயும் காத்து பூந்துடுச்சா? வந்துடுன்னு சொன்னேன்யா."

ஒற்றைக் கால் ஷூவோடு அவர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். கீழே ஆடுகள் வரிசையாக நின்று, தலையைத் தூக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.