எட்டு வயதுப் படம்

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் இலவசமாகவே செய்துகொண்டேன். எங்கள் பட்டுக்கடைச் சுவரில் முப்பத்தைந்து வருஷமாகத் தொங்குகிற ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போனில் பிடித்து, கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டேன். தறியில் ஒரு நெசவாளர். அவருக்குப் பக்கத்தில் ரெட்டைச் சடையோடு ஒரு சிறுமி, புடவைக் கரை நெய்ய, நூல் வைத்த நாடாவைத் தள்ளுகிறாள். 'எட்டு வயதிலேயே கைவந்த கலை' என்று எழுதி, ஒரு சிவப்பு இதயத்தையும் ஒட்டினேன். படித்த முட்டாள்.

மறுநாள் காலையில் போனைத் திறந்தால் வசவு மழை. 'எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய குழந்தை.' 'இதில் பெருமை வேறா?' அவசரமாகப் படத்தை நீக்கினேன். அதற்குள் நூறு பேர் பிரதி எடுத்துப் பரப்பியிருந்தார்கள். பத்து மணிக்கு பெங்களூர் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. நாங்கள் நெய்வதில் பாதியை வாங்குகிறவர்கள். மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் வராவிட்டால் ஆர்டரை நிறுத்திவிடுவார்களாம். எங்களை நம்பி நாற்பது தறி ஓடுகிறது.

என் மாமனார் நமச்சிவாயம் கோபப்படவில்லை. அவருக்கு இது ஏன் தப்பு என்றே புரியவில்லை.

"அந்தக் காலத்துல எந்தத் தறிவூட்ல பசங்க இல்ல? நானே ஆறு வயசுல தறிக்குழில எறங்கினவன். பட்டினி கெடந்த பசங்களுக்குச் சோறு போட்டோம்மா. இந்தப் படத்தைப் பாத்துட்டு பெரிய பெரிய ஆபீசருங்க கைகுடுத்துட்டுப் போயிருக்காங்க."

அதுவும் உண்மைதான். நான்கூட நேற்று வரை அதைப் பெருமையாகத்தானே பார்த்தேன்?

படத்தில் இருக்கிற சிறுமி இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். முசரவாக்கத்துக் கிருஷ்ணவேணி, நாற்பத்து மூன்று வயது, கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேணி அக்கா. 'வேணியையே வீடியோவுல பேசச் சொல்லும்மா' என்று யோசனை சொன்னவர் மாமாதான். அரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அக்காவை ஒரு வார்த்தை கேட்டேனா என்றால், இல்லை. கேட்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு மணிக்கு அக்காவைப் புடவை அலமாரிக்கு முன்னால் உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேமரா பயம் என்று நினைத்தேன்.

"மனப்பாடம் எல்லாம் வேணாங்க்கா. பாத்துப் படிச்சா போதும்."

பொத்தானை அழுத்தினேன். பத்து விநாடி போனது, இருபது போனது. அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி நாலேகால் ஆவுது. இன்னா பாத்துக்கினு இருக்க, ஆரம்பி வேணி" என்றார் மாமா.

"கண்ணாடி எடுத்தார மறந்துட்டேங்க மொதலாளி."

கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷம். விலைச்சீட்டை நீட்டி, 'கொஞ்சம் பாரும்மா, பொடி எழுத்தா இருக்குது' என்று அக்கா எத்தனை தடவை கேட்டிருப்பார்! பார்வைக் கோளாறு என்று நினைத்து, அந்தக் கண்ணாடியை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

அக்கா குனிந்து, என்னிடம் மட்டும் சொல்வது போல் சொன்னார். "குழலிம்மா, எனக்குப் படிக்க வராதும்மா. கையெழுத்து மட்டும்தான் போடுவேன். நீ படிச்சிக் காட்டு. ஒரு தடவை கேட்டா போதும், கெட்டியா புடிச்சிக்குவேன்."

சின்ன கடை. மாமா காதிலும் விழுந்தது.

தாளை வாங்கினேன். என் கையெழுத்துதான், முத்து முத்தாக. உரக்கப் படித்தேன். "சின்ன வயசுல நான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். சாயந்திரத்துல மட்டும், விளையாட்டா, தறியில உக்காருவேன்."

படிக்கப் படிக்க வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அக்கா உதடு அசைய அசையக் கேட்டார். பிறகு ஒரு சொல் பிசகாமல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதன்பின் நிமிர்ந்து, நிஜமான கவலையோடு கேட்டார்.

"எந்தப் பள்ளிக்கூடம்னு யாராச்சும் கேட்டா, இன்னான்னும்மா சொல்றது?"

மாமா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வீடியோவை நிறுத்தினேன். தாளை நாலாகக் கிழித்தேன். ஐந்து மணிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

அக்கா பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"தப்பா கேட்டுட்டனாம்மா? என் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"