காந்தத்தைத் திருப்பியும் மாறாத குறி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'மைக்ரோவோல்ட்' என்று பெயர். அவள் அளப்பது அவ்வளவு சின்ன மின்னழுத்தம். பேசும் குரலும் அதே அளவுதான். கணவர் பக்கத்து அறையில் காந்தப் படிகங்களை வளர்ப்பவர். அந்தப் படிகத்துக்குள் மின்சாரம் பாயாது. ஆனால் ஒரு பக்கம் சூடேற்றினால், எலக்ட்ரான் இடம்பெயராமலே அதன் தற்சுழற்சி மட்டும் கைமாறிக் கைமாறி, மேலே பூசிய பிளாட்டினப் பட்டைக்கு வந்து சேரும்; அங்கே மின்னழுத்தமாகத் தெரியும். காந்தத்தைத் திருப்பினால் அந்த அழுத்தத்தின் குறி கூட்டலிலிருந்து கழித்தலாக மாற வேண்டும். மாறாவிட்டால் அது படிகத்திலிருந்து வந்ததல்ல, வெறும் கம்பிச் சூட்டால் வரும் பொய் அளவு.

அன்று காலை குறி மாறவில்லை.

மறுபடி திருப்பினாள். கூட்டலேதான். போன வருஷமும் ஒரு முறை இப்படித்தான் நின்றது. இரண்டாம் முறை அளக்கும்போது கம்பியை மாற்றி மாட்டிவிட்டோம் என்று நினைத்து, கணினியில் தானே ஒரு கழித்தல் குறியைப் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வரைபடத்தோடுதான் கணவர் பத்து மணிக்கு ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வில் நிற்கப் போகிறார். மணி ஒன்பது நாற்பது.

மாடிப்படியில் ஓடினாள். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? அப்படி நினைத்துவிட்டோமே என்பதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

வராந்தாவில் அவர் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"ஏங்க... அந்த நாலாவது படத்தைக் காட்டாதீங்க. அதுல குறியை நான்தான் மாத்தினேன்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "விளையாடுறியா?"

"இல்லைங்க. கம்பி மாறிடுச்சுன்னு நினைச்சேன். இன்னைக்கும் அதே மாதிரிதான் வருது."

அவர் கத்தவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மடிக்கணினியைத் திறந்து படத்தை நீக்கினார். "உள்ளே நானே சொல்லிடுறேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

வேலை வேறொருவருக்குப் போனது. அந்தப் படம் வெளியாகியிருந்த கட்டுரையைத் திருத்தச் சொல்லி, இருவரும் கையெழுத்திட்டு ஆய்விதழுக்குக் கடிதம் அனுப்பினார்கள். வீட்டில் நாலு நாளாக "சாப்டியா", "ம்" தவிரப் பேச்சில்லை.

ஐந்தாம் நாள் அவரே புதுப் படிகத்தோடு வந்தார். "வா, அளக்கலாம். கம்பியை நான் மாட்டுறேன், நீ சரிபாரு."

காந்தம் திரும்பியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"குறி மாறிடுச்சு. ஆனா அளவு, கட்டுரையில சொன்னதுல பாதிதான் இருக்கு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை திருப்புங்க" என்றாள்.