தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி

இருபத்து நான்கு மணி நேரம். தண்ணீரில் கிருமி இருந்தால், அது தட்டில் புள்ளியாக முளைத்துக் கண்ணுக்குத் தெரிய, சூட்டுப் பெட்டிக்குள் அவ்வளவு நேரம் இருக்க வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் இது மனப்பாடம். மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றியே 'சொட்டு' என்று பெயர் வாங்கியவளுக்கும்தான்.

நேற்றைய செய்தித்தாளில் சொட்டு முதல் பக்கத்தில் இருந்தாள். படத்தில் பாதி அவள், பாதி அவளுடைய சக்கர நாற்காலி. 'நடக்க முடியாதவர், நானூறு குழந்தைகளைக் காத்தார்.' பள்ளித் தொட்டியில் கிருமி இருப்பதை அவள் கண்டுபிடித்தாளாம்.

கண்டுபிடித்தது அடுத்த மேசை அண்ணன். பள்ளிக்குப் போன் போட்டதும் அவர்தான். அன்றைக்கே அவள் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கிழித்துக் கூடையில் போட்டார். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. தொட்டிச் செய்திக்காக வந்த நிருபர், நாற்காலியைக் கண்டதும் அண்ணனைத் தாண்டிப் போய்விட்டாள்.

சொட்டு பொய் சொல்லவில்லை. நிருபர் கேட்டவை பதினான்கு கேள்விகள். கட்டிலிலிருந்து எப்படி இறங்குவீர்கள், தனியாக அழுவீர்களா, இப்படியே. தண்ணீரைப் பற்றிக் கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதது பொய்யில் சேருமா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

அதைவிடப் புரியாதவர் அண்ணன். ஒரு குடுவை உடைந்தால் "அது கையா, கரண்டியா?" என்று கேட்கிற மனிதர். இன்று காலை இரண்டு உடைத்தாள். "பரவாயில்லம்மா" என்றார். இவருக்கு எப்போது அவள் அம்மா ஆனாள்?

"அண்ணே, கோவமா?"

"எனக்கென்ன கோவம்? என் மூட்டு வலிக்கு முதல் பக்கமா குடுப்பாங்க?" சிரிப்பு பாதியில் நின்றது. "ஊரே கொண்டாடுது. நான் என்னத்தச் சொல்ல?"

"திட்டுங்க."

"உன்னையா? அப்புறம் என்னைப் பேப்பர்ல போட்டுக் கிழிச்சிருவாங்க."

பதினொரு மணிக்கு நிருபர் மறுபடி வந்தாள், இம்முறை வீடியோ எடுக்க.

"மேடம், ஜன்னல் பக்கம் வந்துடுங்களேன். வெளிச்சம் சக்கரத்துல விழணும்."

சொட்டு நகர்ந்தாள். சக்கரம் மின்னியது. அவள் முகம் நிழலில் கிடந்தது.

"இவ்ளோ கஷ்டத்துலயும் எப்படி மேடம் இவ்ளோ பொறுப்பா வேலை பாக்கறீங்க?"

அண்ணன், துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியப் பத்தி ஒண்ணு கேளுங்க," என்றாள் சொட்டு.

"தண்ணியப் பத்தியா? என்ன கேக்கறது மேடம்?"

"பள்ளிக்கூடத் தண்ணி ஊத்தின தட்ட முதல்ல பாத்தது யாருன்னு கேளுங்க."

நிருபர் ஒன்றும் விளங்காமல் அதையே திருப்பிக் கேட்டாள்.

"நான்தான். பதினெட்டு மணி நேரத்துலயே வெளிய எடுத்துட்டேன். ஒண்ணும் முளைக்கல. நல்ல தண்ணின்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அண்ணன் அதே தட்ட மறுபடி உள்ள வச்சாரு, அதனாலதான் தெரிஞ்சுது. என் காலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. சீக்கிரம் வீட்டுக்குக் கெளம்பணும்னு ஒரு சோம்பேறித்தனம்."