சுவருக்கு மேலே ஒரு முழம்

பழனியப்பனும் காளியம்மாவும் முகம் பார்த்துப் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. மாரியம்மன் கோயில் பந்தியில், "மூணாவது தடவையா பாயசம் வாங்குது பாரு ஒரு உருவம்" என்று அவள் ஊர் கேட்கச் சொன்னாள். அதோடு சரி.

ஆனால் மலைமேல் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருவருக்கும் ஒட்டினாற்போல் வீடு. நடுச்சுவர் கூரை வரை ஏறாது. மேலே ஒரு முழம் வெளி. வெள்ளைக்காரத் துரை அந்தக் காலத்தில் செங்கல்லை மிச்சம் பிடித்த இடம். அதன் வழியே போவது பேச்சில் சேராது என்று இருவரும் சொல்லிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தார்கள். வேலை விட்டு வந்ததும் பழனியப்பன் தன் சட்டியைப் பார்த்துச் சொல்வார்:

"யாரோ கருவாடு பொரிக்கிறாங்க. மலையே நாறுது."

அந்தப் பக்கம் காளியம்மா தன் கரண்டியிடம் சொல்வாள்: "மூக்கு இருக்கிறவன் மூடிக்கலாம்லா. அந்த மூக்குக்கு ஒரு கை பத்தாது."

பழனியப்பனின் மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் திருமாறன் தெற்குக் கோடியில் இருக்கும் ஜொகூரிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி போன் அடிப்பான். மற்ற நாளெல்லாம் அவர் காதில் விழுந்த மனிதக் குரல் இந்த வசவுதான்.

அப்போதுதான் ஆற்றல் சிக்கனம் மலையேறி வந்தது.

தொழிலாளர் வீடுகளில் சீலிங் அடித்து, இடுக்கு அடைத்து, காற்றுக் கசியாமல் செய்தால் கம்பெனிக்கு வரிச்சலுகையாம். கீழே நகரத்தில் ஏர்கான் போட்டுத் தூங்குகிறவர்கள் எழுதிய திட்டம். இங்கே குளிரை மலையே இலவசமாக ஊட்டுகிறது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. மேனேஜர் ஹரிதாஸ் ஆட்களை வரிசையாக நிறுத்தி மைக் பிடித்தார்.

"பூமியைக் காப்பாத்தப் போறது நீங்கதான்!"

"தொரை, அந்தச் சலுகை எங்களுக்கும் உண்டுங்களா?" என்றார் பழனியப்பன்.

"நீங்க வருமான வரி கட்டுறீங்களா?"

"கட்டுற அளவுக்கு நீங்க சம்பளம் குடுக்கலியே."

"அப்ப உங்களுக்குச் சூடுதான் சலுகை."

கூட்டம் கைதட்டியது. தட்டினால் சீக்கிரம் முடியும்.

சுவர் உயரத்துக்குச் சீலிங் வந்தது; அந்த ஒரு முழ வெளி அதற்கு மேலே மறைந்துபோனது. வீடு வெதுவெதுப்பாகத்தான் ஆனது. மின்சாரமும் மிச்சமாகுமாம், பழனியப்பனிடம் இருந்ததோ ஒரு விளக்கும் ஒரு ரைஸ் குக்கரும். முதல் நாள் மாலை சட்டியைப் பார்த்து, "யாரோ கருவாடு..." என்று ஆரம்பித்தார். வாசமே வரவில்லை. வேண்டுமென்றே தும்மினார். தும்மல் சீலிங்கில் முட்டி அவரிடமே திரும்பியது.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவரோரம் சீலிங் பலகையில் காய் வெட்டும் கத்தியால் கைமுட்டி அளவு ஓட்டை போட்டார். ஸ்டூலில் ஏறி அதில் வாயை வைத்தார்.

"சில பேருக்கு நாக்கு செத்துப்போச்சு போல!"

பதில் இல்லை. மறுநாளும் ஏறினார். அதற்கு மறுநாள், குரலைத் தாழ்த்தி, "பாயசம் மூணு தடவை இல்ல, நாலு" என்றார்.

அதற்கும் இல்லை.

வரிச்சலுகைக்குச் சான்று தரும் அதிகாரி மோகனா, சூடு கசிவதைக் காட்டும் கேமராவோடு வந்தாள். திரையில் சீலிங் முழுக்க மஞ்சள்; சுவரோரம் மட்டும் நீலமாக ஒரு புள்ளி.

"எலி," என்றார் பழனியப்பன்.

"எலி கத்தி வச்சிருக்குமா ஐயா?"

கூட வந்திருந்த ஹரிதாஸ் முகம் வெளுத்தது. ஒரு வீடு தவறினால் லயம் முழுக்கத் தவறும். பூமி பிழைத்துக்கொள்ளும், சலுகை பிழைக்காது.

"பக்கத்து வீட்டுல..." பழனியப்பன் மெதுவாகக் கேட்டார். "அங்கயும் எலி இருக்குங்களா?"

"காளியம்மா வீடா?" மோகனா பட்டியலைப் பார்த்தாள். "அங்க ஓட்டையே இல்ல. சத்தம்கூட நுழையாது. அதான் நல்ல வீடு."

அப்படியானால் நாலு பாயசத்தையும் அவர் கூரை எலிகளிடம்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆள் வந்து ஓட்டையை அடைத்தான். அன்று மாலை பழனியப்பன் தலை வாரிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். காளியம்மா திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. எதிரே வந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"என்ன?"

உள்ளேயிருந்து கருவாட்டு வாசம் வந்தது. மலையே நாறுது என்று சொல்லியிருக்கலாம். பார்க்கச் சட்டி இல்லை, முகம்தான் இருந்தது.

"வீடு... சூடா இருக்கா?"

"இருக்கு." அவள் கரண்டி இல்லாத தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டாள். "அங்க?"

"இருக்கு."

பனி இருவருக்கும் நடுவே இறங்கியது.

"சூடு வெளிய போகுது," என்றாள் காளியம்மா.

"ஆமா. சாத்திக்கோ."

கதவு, இடுக்கில்லாமல், சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.