ஆட வேண்டிய துண்டு

"இதை இழுத்தா சுத்தியல் போய் அடிக்கும். அவ்வளவுதானே மேடம்?"

"இல்ல சார். ட்ரிகர் எதையும் அடிக்கிறதில்ல. சுத்தியல் முன்னாடியே ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிக்கிட்டு, எப்படா அடிக்கலாம்னு நிக்குது. ஒரு சின்னக் கொக்கி அதைப் பிடிச்சு வச்சிருக்கு. ட்ரிகர் அந்தக் கொக்கியைக் கொஞ்சம் நகர்த்தி விடுது. அதோட வேலை அம்புட்டுத்தான்."

"அப்போ அதுவரைக்கும் சுத்தியல்..."

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுமையா நிக்குது."

முதல் நாள் நடந்த இந்தப் பேச்சைக் காதுக்காரன் மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டான். ஓட்டும்போதெல்லாம் அந்தச் சுத்தியலின் மேல் அவனுக்குச் சொந்தக்காரனைப் போல ஒரு பரிவு வந்தது.

காதுக்காரன் என்பது அவன் தொழில் வாங்கித் தந்த பெயர். பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கு இதயம், நுரையீரல், கடைவாய்ப் பல் என்று பெரிது பெரிதாக மாதிரிகள் செய்து கொடுப்பவன். அதில் காதுதான் பேர்போனது. கதவளவு காது. மூடியைக் கழற்றினால் உள்ளே நத்தைச் சுருளும், சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகளும் இருக்கும். தலைமையாசிரியர்கள் போன் செய்தால், "காதுக்காரரா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "ஆமா, கேக்குது, சொல்லுங்க" என்பான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் காவலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஆர்டர் வந்தது. கட்டில் நீளத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டும். ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் நிஜத்தைத் தொடுவதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். துப்பாக்கியைப் படத்தில்கூட நிறுத்திப் பார்த்திராத அவனுக்கு விளக்கம் சொல்ல, அங்கே ஆயுத வகுப்பு எடுக்கும் பெண்மணியைச் சனிக்கிழமைதோறும் அனுப்பிவைத்தார்கள். அவளுக்குத் "துப்பாக்கி டீச்சர்" என்று பெயர் வைத்தது காதுக்காரனின் அக்கா.

பின்கட்டுக் கொட்டகைக்குள் அந்தப் பொருள் அடங்கவில்லை. ஆகவே ஹாலில் இரண்டு ஸ்டூல்களின் மேல் அது வளர்ந்தது.

"சோபாவைத் தூக்கிட்டுத் துப்பாக்கி போட்ட குடும்பம் உலகத்துலயே நம்மதுதான்டா" என்றாள் அக்கா. இரண்டே வாரத்தில் பழகிப்போய், அதன் குழாயில் ஈரத் துண்டைக் காயப்போட ஆரம்பித்தாள்.

தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் அவன் ஒரு சைக்கிள் மணியைப் பொருத்தினான். சுத்தியல் விழுந்தால் டிங் என்று கேட்கும். வண்ணம் பூசும்போது மட்டும் பழக்க தோஷம் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. ட்ரிகர், கொக்கி, சுத்தியல் எல்லாம் சிவப்பு, அடித்த பிறகு அவற்றைப் பழைய நிலைக்குத் திருப்புகிற பாகங்களெல்லாம் நீலம்.

"இது எதுக்கு சார் நீலம்?" என்று கேட்டாள் அவள்.

"கெட்ட ரத்தம் மேடம்" என்றான், யோசிக்காமல்.

அவள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்து, மறுபடி சிரித்தாள். அன்றைக்குத்தான் காதுக்காரன் கவிழ்ந்தான். நாற்பதைத் தாண்டியவன் கவிழ்ந்தால் சத்தம் வெளியே கேட்காது. ஆனால் அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் கேட்க நினைத்தது ஒன்று, கேட்டது வேறொன்று. "வந்து மேடம்... உங்க வீட்ல..." என்று ஆரம்பிப்பான். அவள் நிமிர்ந்து, "சொல்லுங்க சார், எங்க வீட்ல?" என்பாள். உடனே வார்த்தை தடம் புரளும். "உங்க வீட்டுப் பக்கம் நல்ல ஸ்பிரிங் கடை ஏதும் இருக்கா?" அவளும் பொறுப்பாக வழி சொல்வாள். அப்படி வாங்கிய ஸ்பிரிங்குகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவளுக்கு வீட்டில் அப்பா மட்டும்தான் என்பதும், வந்த சம்பந்தமெல்லாம் இவள் பார்க்கும் வேலையைக் கேட்டதும் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டன என்பதும் அக்கா சமையலறையில் வைத்துக் கறந்த செய்திகள்.

இன்றைக்கு வண்டி வருகிறது. துப்பாக்கி போகிறது.

"இதுக்கப்புறம் எதைச் சாக்கு வச்சு வரச் சொல்லுவ? பீரங்கி செய்யப் போறியா?" என்றாள் அக்கா காலையிலேயே. "ஹால்ல இனிமே இடம் இல்ல, சொல்லிட்டேன்."

"இன்னைக்குக் கேட்டுடுவேன்க்கா."

"எதை? ஸ்பிரிங் கடையையா?"

வேன் வந்து நின்றது. துப்பாக்கி டீச்சர் சீருடையில் இறங்கினாள், பின்னால் டிரைவர். டிரைவர் ஹாலுக்குள் நுழைந்ததும் வாயைப் பிளந்தான்.

"இது எப்பவோ முடிஞ்ச மாதிரி இருக்கே மேடம்! 'இன்னும் சரியில்ல, இன்னும் சரியில்ல'ன்னு வாரா வாரம் என்னைக் கூட்டிக்கிட்டு வந்தீங்களே?"

"நீ போய் வண்டியோட பின்கதவைத் திறந்து வை" என்றாள் அவள். காது மடல் சிவந்திருந்தது. காதுகளைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் அதைக் கவனிக்காமல் இருப்பானா? கவனித்தான். நெஞ்சு டிங் என்றது.

"வந்து மேடம்... உங்க வீட்ல..."

"கடைசியா ஒருதடவை ஓட்டிப் பாத்துடலாம் சார்" என்றாள் அவள் அவசரமாக.

அவன் ட்ரிகரை இழுத்தான். டிங். சரி.

"இப்ப விரலை எடுக்காதீங்க. குண்டு போன வேகத்துல மேல்மூடி பின்னாடி போயிட்டு வரும்ல, அதை நான் கையால செய்றேன்." ஸ்லைடு என்னும் அந்த மேல்மூடியை அவள் இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்து விட்டாள். மூடி முன்னால் போனது. கூடவே சுத்தியலும் விழுந்தது. டிங்.

அவள் புருவம் சுருங்கியது. மறுபடி இழுத்து விட்டாள். டிங். மறுபடியும். டிங்.

"வாசல்ல யாரோ சைக்கிள்ல வந்திருக்காங்க, பாரு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் அக்கா.

"சார், என்ன பண்ணி வச்சிருக்கீங்க? போன வாரம் ஒழுங்காத்தானே இருந்துச்சு. ஒரு இழுப்புக்கு ஒரு வெடி, அதுதான் இந்தத் துப்பாக்கிக்கு மரியாதை. இது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே போகுது! நிஜத்துல இப்படி ஆச்சுன்னா அது எப்ப வெடிக்கும்னு கடவுளுக்கே தெரியாது."

அவள் டார்ச்சை எடுத்து உள்ளே குனிந்தாள். ட்ரிகரையும் கொக்கியையும் சேர்க்கும் இடத்தில், கட்டை விரல் அளவில் ஒரு நீலத் துண்டு. அதைத் தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை.

"இதை ஒட்டிட்டீங்களா?"

"ஆமா மேடம். நேத்து ராத்திரி கடைசியா எல்லாத்தையும் ஆட்டிப் பாத்தேன். இது மட்டும் லொடலொடன்னு ஆடிச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போற பொருள்ல சின்னத் துண்டு ஆடக் கூடாது மேடம். அங்கவடி எலும்பைப் பசங்க பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க. நான் செஞ்ச காதுல பாதி, எலும்பு இல்லாம செவிடா நிக்குது. அதனால எதைக் கண்டாலும் கை தானா ஒட்டிடும்."

"போலீஸ் ஆகப் போறவங்க திருடுவாங்கன்னு நினைச்சீங்களா?"

"அவங்களும் பசங்களா இருந்தவங்கதானே மேடம்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தத் துண்டைக் காட்டினாள். "இது ஆடணும் சார். ஆடுறதுதான் இதோட உத்தியோகம். ட்ரிகர் இழுக்குறப்ப, இது நடுவுல நின்னு கொக்கியைத் தள்ளுது. மூடி பின்னாடி போறப்ப இதைக் கீழ அமுக்கி விட்டுடும். அப்ப ட்ரிகருக்கும் கொக்கிக்கும் பேச்சுவார்த்தை இல்ல. கொக்கி தன் இடத்துக்கு வந்து சுத்தியலைப் பிடிச்சுக்கும். நீங்க ஒட்டுனதால இது விலகவே இல்ல, கொக்கி பிடிக்கவே இல்ல."

"இப்ப என்ன பண்றது?"

"பிரிக்கணும். மத்தியானம் எங்க பெரிய அதிகாரி பாக்க வர்றார்."

திருப்புளி முனையால் நெம்பினான், வரவில்லை. அவன் ஒட்டினால் ஒட்டினதுதான். அப்போது அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, ஒரு குட்டி பாட்டிலை நீட்டினாள். நகச் சாயத்தை அழிக்கிற திரவம்.

"அக்கா, நீ நகத்துக்குச் சாயம் போடுவியா?"

"கால்லதான்டா. நீ என்னிக்குக் குனிஞ்சு பாத்த? காதைத் தவிர எதையாவது பாத்திருக்கியா இந்த வயசுவரைக்கும்?"

பஞ்சை நனைத்துத் துப்பாக்கி டீச்சர் வைக்க, டார்ச்சை அவன் பிடிக்க, இரண்டு தலைகளும் துப்பாக்கியின் வயிற்றுக்குள் ஒன்றாக நுழைந்தன. பசை இளகியது. துண்டு மெல்ல அசைந்தது. கூடவே நீலச் சாயமும் உருகி அவள் விரலெல்லாம் நீலமாகிவிட்டது.

"கெட்ட ரத்தம்" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமலே.

மறுபடி சோதனை. இழுத்தான். டிங். விரலை எடுக்காமல் வைத்திருந்தான். அவள் மூடியை இழுத்து விட்டாள். சுத்தியல் பின்னாலேயே சமர்த்தாக நின்றது.

"இப்ப இழுங்க."

அவன் அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. பலமாக அழுத்தினான். முகம் சிவக்க, ஸ்டூல் முனக, அழுத்தினான்.

"நடக்காது சார். அமுக்கின விரலை விடாம எவ்வளவு முக்கினாலும் வெடிக்காது. முழுசா விடுங்க. அந்தத் துண்டு மேல ஏறி மறுபடி கொக்கியைத் தொடணும். அதுக்கப்புறம் புதுசா இழுங்க."

விட்டான். உள்ளே கிளிக் என்று ஒரு சின்னச் சத்தம். இழுத்தான். டிங்.

அந்தக் கிளிக் சத்தம் மட்டும் அவன் காதிலேயே நின்றுவிட்டது. 'வந்து மேடம்... உங்க வீட்ல...' என்று இத்தனை சனிக்கிழமையாக அவனும் ஒரே இழுப்பைத்தானே விடாமல் முக்கிக்கொண்டிருந்தான்?

டிரைவர் வந்து குழாயின் முன்னால் போய் நின்று குனிந்தான்.

"அங்க நிக்காத!" என்று அவள் அதட்டினாள். "வாய்க்கு நேரா யாரும் நிக்கக் கூடாது. பக்கத்துல வந்து பிடி."

"மேடம், இது ப்ளைவுட்."

"பழக்கம் ப்ளைவுட் இல்லப்பா."

ஆகவே குழாயின் இந்தப் பக்கம் டிரைவர், அந்தப் பக்கம் அக்கா. பின்னால் கைப்பிடிப் பக்கம், தோளோடு தோளாக அவனும் அவளும். தூக்கினார்கள். குழாய் வாசலைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தது. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்த வேட்டியோடு இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

"நில்லுங்க, நில்லுங்க. முனை தரையைப் பாக்கணும்" என்றாள் அவள். "சார், விரல்! விரலை ட்ரிகர்ல வச்சுக்கிட்டா தூக்குவீங்க? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

அவன் விரலை வெளியே எடுத்தான். முனை தாழ்ந்தது. பாதி துப்பாக்கி தெருவிலும் பாதி வீட்டிலுமாக நிலைப்படியில் எல்லோரும் மூச்சு வாங்க நின்றார்கள். இன்னும் நாலு எட்டில் வேன். அதோடு சனிக்கிழமை வெறும் சனிக்கிழமையாகிவிடும்.

"வந்து மேடம்..." என்றான்.

அவள் திரும்பினாள். கை முழுக்க நீலம், நெற்றியில் வியர்வை.

"உங்க..."

முன்னாலிருந்து அக்காவின் பெருமூச்சு கேட்டது. "ஸ்பிரிங் டப்பா நிறைஞ்சிடுச்சுடா தம்பி."

காதுக்காரன் வாயை மூடினான். 'வந்து'வை விட்டான். 'உங்க வீட்ல'வை விட்டான். முழுசாக விட்டான். ஒரு நொடி எதுவும் இல்லாமல் நின்றான். உள்ளே எங்கோ ஒரு சின்னத் துண்டு மேலேறி, தொட வேண்டிய இடத்தைத் தொட்டது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"