இருபத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை. எங்கள் மேலாண்மைப் பேராசிரியர் தலைப்புகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார். என் பக்கத்து இருக்கைக்காரனுக்கு ‘திரையரங்குகளில் வாடிக்கையாளர் திருப்தி’ விழுந்தது. எனக்கு விழுந்தது இது: ‘கட்டுமான மேலாண்மை நிறுவனங்கள் போட்டித்திறனையும் தொழில்முறைத் தேர்ச்சியையும் வளர்த்துக்கொள்ளும் விதம்.’ இருபது பக்கம், அட்டை போட்டுத் தரவேண்டும். அவன் நான்கு படம் பார்த்துவிட்டு ஆய்வு முடிந்தது என்று சொல்லிவிட்டான்.

நான் எங்கள் அக்காவைப் பார்த்தேன். அக்கா அப்படி ஒரு நிறுவனத்தில்தான் வேலை செய்கிறாள். சொந்த அக்காவை மேற்கோள் காட்டலாமா என்று பேராசிரியரைக் கேட்டேன். வயதில் மூத்தவர் என்றால் காட்டலாம் என்றார்.

நான்கு நாள் அந்த அலுவலகத்து மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அறிக்கைக்கு இரண்டு பக்கம் தேறியது. மிச்சமெல்லாம் இதற்குள் வந்துவிட்டது.

2.

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

“போட்டி நிறைந்த இன்றைய உலகில் —” (இந்த வாக்கியத்தை யாரும் விழித்திருக்கும்போது படித்து முடித்ததாகத் தெரியவில்லை. நானும் எழுதி முடிக்கவில்லை.)

“ஜன்னல் வழியே வந்த மாலை வெயில் அவளுடைய மேசைமீது —” (அந்த அலுவலகத்தில் ஜன்னல் கிடையாது. ஒன்று இருந்தது. சான்றிதழ்கள் வைக்க இடம் போதாமல் அதன்மேல் அலமாரியை நிறுத்திவிட்டார்கள்.)

“என் அக்கா ஒரு தப்பு செய்தாள்.” (இது உண்மை. ஆனால் முதல் வரியிலேயே அக்காவைப் போட்டுக்கொடுத்தால் அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.)

3.

கட்டுமான மேலாண்மை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: இவர்கள் கட்டடம் கட்டமாட்டார்கள். கட்டுகிறவர்களைக் கட்டி மேய்ப்பார்கள். கம்பி கட்டுபவர் எப்போது வரவேண்டும், அவர் போன பிறகு எத்தனை மணிக்குக் கான்கிரீட் வண்டி வரவேண்டும், குழாய்க்காரர் துளை போட்ட சுவரில் பெயின்டர் பூசிவிடாமல் யார் தடுப்பது, இதெல்லாம் இவர்கள் பாடு. கல்யாண வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் நடத்தி வைக்கிற மாமா ஒருவர் இருப்பாரே, அவரை நிறுவனமாகப் பதிவு செய்தால் கிடைப்பது இது.

முதலாளியை அலுவலகத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ‘ரசமட்டம்’ என்பார்கள். தளம் மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் ஒரு குமிழி நிற்கும் கருவி. நல்ல செய்தி, கெட்ட செய்தி எது வந்தாலும் அவர் முகத்துக் குமிழி நடுவைவிட்டு நகராது. அவருக்குக் கீழே அக்கா. அக்காதான் கால அட்டவணை போடுபவள். எந்த வேலை எந்த நாளில் என்று தீர்மானிப்பவள். இவர்களைத் தவிரப் பதினொரு பேர்.

மூன்று வருடத்துக்கு முன் இருபத்தொரு மாடிக் கட்டடம் ஒன்றை நடத்தித் தரும் வாய்ப்புக்கு இவர்கள் போட்டியிட்டார்கள். விலை இரண்டு நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எதிராளி பதினெட்டு நாள் முன்னதாக முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். வாய்ப்பு அங்கே போய்விட்டது.

மறுநாள் ரசமட்டம் எல்லோரையும் கூப்பிட்டு, நாம் மெதுவானவர்கள் என்று ஒரே வாக்கியத்தில் அறிவித்தாராம். அன்றிலிருந்து ஓட்டம் ஆரம்பித்தது. திங்கட்கிழமைக் கூட்டம் நடக்கும் கூடத்திலிருந்து நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள், நின்றுகொண்டு பேசினால் சீக்கிரம் முடியும் என்று. ஒவ்வொருவரும் ஒரு தேர்வாவது எழுதிச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்றார்கள். வரைபடக்காரர் ஒரே தேர்வை மூன்று தடவை எழுதினார். மூன்றாம் தடவை தேறியபோது அவர் மனைவியே நம்பவில்லையாம். பாதுகாப்பு அதிகாரியை ‘ஹெல்மெட் அண்ணன்’ என்பார்கள். அவர் காலை ஆறரை மணிக்கே களத்தில் நிற்கத் தொடங்கினார். இரவு திரும்பும்போது வீட்டில் மகள் தூங்கியிருப்பாள். அந்தப் பெண் பள்ளி ஆண்டு விழாவில் மூன்று வருடம் மேடை ஏறினாள். மூன்றையும் அவர் போனில்தான் பார்த்தார்.

பலன் இல்லாமல் இல்லை. குழாயும் மின்கம்பியும் காற்றுக் குழலும் எந்தச் சுவரில் மோதிக்கொள்ளும் என்பதை இப்போது காகிதத்திலேயே கண்டுபிடிக்கிறார்கள். முன்பெல்லாம் சுவரை உடைத்த பிறகுதான் தெரியும். ஆக, போட்டித்திறன் வளர்ந்தது, தேர்ச்சி வளர்ந்தது. என் அறிக்கையின் அந்த இரண்டு பக்கமும் இதுதான். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

4.

இப்போது ஒன்பது மாடி மருத்துவமனை ஒன்றுக்குப் போட்டி. கிடைத்தால் அக்காதான் திட்ட மேலாளர். அவள் எட்டு வருடமாகக் காத்திருக்கிற நாற்காலி. விண்ணப்பம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போய்ச் சேரவேண்டும். அதில் பதினான்காம் பக்கம் இப்படி: ‘முன்பு நேர்ந்த ஒரு தவறும், அதிலிருந்து கற்றதும். தயாரித்தவர் கையொப்பம்.’

ரசமட்டமே அதை எழுதிவிட்டார். ‘இருபத்தொரு மாடிக் கட்டடத்துக்குப் போட்டியிட்டபோது நாங்கள் மெதுவாக இருந்தோம். அதன்பின் வேகம் கற்றோம்.’ விண்ணப்பத்தைத் தயாரித்த அக்கா கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தத் தாள் அவள் மேசையில் கிடந்தது. அவள் அதன்மேல் கால்குலேட்டரை வைத்தாள். பிறகு தண்ணீர்ப் புட்டியை வைத்தாள். பிறகு வேறொரு ஃபைலை வைத்தாள்.

(எழுத்தாளனாக எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம். இந்தக் கதாபாத்திரம் நம்பும்படியாக இல்லை. என் அக்கா தாளைத் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை. குளிக்கப் போகும் நேரத்தையே ஒரு வாரம் முன்னால் குறித்து வைப்பவள். நான் பிறந்ததே அவள் அட்டவணைக்குப் பத்து நாள் தாமதம் என்று இன்றுவரை குத்திக்காட்டுவாள்.)

5.

புதன்கிழமை சாயங்காலம், வீட்டில். அறிக்கைக்குப் படம் வேண்டும் என்று அந்தப் பழைய இருபத்தொரு மாடி அட்டவணையைக் காட்டச் சொன்னேன். கணினியில் திறந்தாள். ஒவ்வொரு வேலையும் ஒரு நீலப் பட்டை. கான்கிரீட் தளம் போட்டால் ஏழு நாள் தண்ணீர் கட்டி நனைத்து வைக்கவேண்டுமாம். அது இறுகிய பிறகுதான் அடுத்த மாடி. அதற்கும் ஒரு பட்டை இருந்தது. அந்தப் பட்டைக்கு நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை இடைவெளி.

“அது என்ன, ஓட்டை?”

“ஞாயித்துக்கிழமை. ஆளுங்களுக்கு லீவு.”

“கான்கிரீட்டுக்குமா?”

இதை நான் ஜோக்காகத்தான் சொன்னேன். அக்கா அந்த வெள்ளை இடைவெளியின்மேல் விரலை வைத்தாள்.

“டேய், கதவைச் சாத்து” என்றாள். சாத்தினேன். “அது எனக்குத் தெரியும். கிட்டத்தட்ட மூணு வருஷமா தெரியும்.”

விளக்கினாள். கான்கிரீட் தன்பாட்டில் இறுகும், அதற்கு லீவு கிடையாது. ஆட்களுக்கான நாட்காட்டியைத் தவறுதலாகக் கான்கிரீட்டுக்கும் போட்டுவிட்டாள். ஏழு நாள் எட்டு நாளானது. மாடிக்கு ஒரு நாள். இருபத்தொரு மாடி, இருபத்தொரு நாள். எதிராளி ஜெயித்தது பதினெட்டு நாளில். தோற்று ஒரு மாதம் கழித்து அவளே கண்டுபிடித்தாள்.

கழித்தல் எனக்கும் வரும். அவர்கள் மெதுவானவர்களாக இருந்ததே இல்லை. மூன்று நாள் முன்னால் இருந்தார்கள்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“அப்பதான் நாற்காலியை எல்லாம் எடுத்துட்டு இருந்தாங்க” என்றாள். “நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த வாரம் பரீட்சைக்குப் பணம் கட்டிட்டாங்க.”

6.

கதாபாத்திரம் முட்டுச்சந்தில் நின்றால் எழுத்தாளன் உதவவேண்டும். மூன்று வழிகள் தயாரித்து அக்காவிடமே கொடுத்தேன்.

(அ) மென்பொருள்மேல் பழியைப் போடுவது. அதற்கு வாய் கிடையாது.

(ஆ) பேசாமல் கையெழுத்துப் போடுவது. ரசமட்டம் எழுதியதில் பாதி உண்மை. வேகம் கற்றது உண்மைதானே? இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டு நிஜமாகவே தேறிவிட்டவர்களிடம் போய் உங்களுக்கு நோயே இல்லை என்பானேன்?

(இ) வேலையை விட்டுவிடுவது. கடிதத்தை நான் உருக்கமாக எழுதித் தருகிறேன்.

காகிதம் பென்சில் குறிப்புகளோடு திரும்பி வந்தது. (அ)-வுக்குப் பக்கத்தில்: ‘நாட்காட்டியைத் தேர்ந்தெடுத்தது என் விரல்.’ (இ)-க்குப் பக்கத்தில்: ‘உன் உருக்கம் தெரியும். பத்தாம் வகுப்பில் லீவ் லெட்டரில் பெரியப்பாவை இரண்டு தடவை சாகடித்தவன்.’ (ஆ)-வுக்குப் பக்கத்தில் நீண்ட நேரம் பென்சில் நின்ற அடையாளமாக ஒரு புள்ளி. அதற்குக் கீழே: ‘அவங்க தேறினது அவங்க உழைப்பு. அதை என் தப்புக்குப் போர்வையா போர்த்தாதே.’

(அடிக்குறிப்பு: இவ்வளவு நல்ல வாக்கியத்தை இந்தக் கதையில் நான் எழுதியிருக்கவேண்டும். பொறாமையாக இருக்கிறது.)

7.

வியாழக்கிழமை மத்தியானம், முதலாளியின் அறை. அறிக்கைக்காக அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்தாள். நான் எழுந்தேன். நீயும் இரு என்று கண்ணால் சொன்னாள்.

“சார், பதினாலாம் பக்கத்துல நான் கையெழுத்துப் போட முடியாது.”

“ஏம்மா, எழுத்துப் பிழையா?”

“கணக்குப் பிழை சார். என்னோடது.”

சொன்னாள். அலங்காரம் இல்லாமல், வேலை வரிசை சொல்கிற மாதிரியே சொன்னாள். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். இருபத்தொன்றை எழுதி, பதினெட்டைக் கழித்து, மூன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பேனா அந்த வட்டத்தின் மேலேயே இரண்டு மூன்று தடவை சுற்றியது.

“அப்ப நாம மெதுவு இல்ல.”

“இல்ல சார்.”

குமிழி நகர்ந்ததா என்று பார்த்தேன். அந்த நிமிடத்தில் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் என்றுதான் சத்தியம் செய்வேன். மூன்று வருடமாகத் தன் பிள்ளைகளை மக்கு என்று நினைத்துவிட்ட அப்பா, விடைத்தாளைத் திருத்தியவர்தான் தப்பு என்று கேள்விப்பட்ட மாதிரி. அடுத்த கேள்வி வரைதான் அது நீடித்தது.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“முடிவு வந்து ஒரு மாசத்துல.”

“தப்பு யாருக்கும் வரும்மா. ஆனா மூணு வருஷம் —”

(இந்த வாக்கியத்தைக் கைவிட்டது நான் இல்லை. அவர்.)

அக்கா கையைப் பிசையவில்லை, அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பிறகு கேட்டேன். மன்னிப்புக் கேட்டால் அவர் பதில் சொல்லியாகணுமே, அந்தச் சுமையையும் அவர் தலையில் ஏன் ஏற்றுவது என்றாள்.

அவர் பதினான்காம் பக்கத்தை எடுத்து, தான் எழுதிய இரண்டு வரிகளையும் நிதானமாக அடித்தார்.

“என்கிட்ட சொல்லிட்டீங்க. ஆனா ஓடினது நான் இல்லம்மா. அவங்க.” கூடத்துப் பக்கம் தலையை ஆட்டினார். “இதுல என்ன எழுதறதுன்னு அவங்க சொல்லட்டும். திட்ட மேலாளர்னு உங்க பேர் இருக்கணுமான்னும் அவங்களே சொல்லட்டும். நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு.”

“நானே போய்ச் சொல்றேன் சார்.”

8.

கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு. அக்கா அந்தத் தாளோடு கூடத்துக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது. பதினொரு பேரும் ஒவ்வொருவராக நிமிர்வதும், ஹெல்மெட் அண்ணன் பேசிக்கொண்டிருந்த போனைக் கீழே வைப்பதும் தெரிந்தது. சத்தம் வரவில்லை. அவள் விரலால் காற்றில் பட்டை பட்டையாகக் கோடு இழுத்து, நடுவில் ஒரு இடைவெளி விட்டுக் காட்டினாள். அதன்பிறகு யாரோ நகர்ந்து வந்து கதவுக்கு முதுகு காட்டி நின்றார். கண்ணாடி முழுக்க ஒரு கட்டம் போட்ட சட்டைதான்.

முடிவு எழுத உட்கார்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள் என்று ஒன்று எழுதினேன், சினிமாவாக இருந்தது. வரைபடக்காரர் தன் சான்றிதழைத் தரையில் எறிந்தார் என்று ஒன்று. அவர் அதை எறியக்கூடிய மனிதர் இல்லை, அத்தனை கஷ்டப்பட்டு வாங்கியது. உள்ளே நிஜமாகவே என்னதான் நடந்தது என்று அக்காவிடமே கேட்டேன்.

“நீ உள்ள இருந்தியா?”

“இல்ல.”

“பாக்காத வேலைக்குக் கையெழுத்துப் போடக்கூடாது” என்றாள். “எங்க தொழில்ல முதல் பாடமே அதுதான். வேணும்னா உன் அறிக்கையில போட்டுக்கோ.”

இந்தக் கதையை வெளியே காட்டலாமா என்று கேட்டதற்கு மட்டும், பதினொரு பேருக்குத் தெரிந்த பிறகு ஊருக்குத் தெரிந்தால் என்ன என்றாள். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், சும்மா அனுப்பமாட்டேன். கதவைத் திறந்து உங்களை உள்ளே விடுகிறேன். அந்தப் பதினொரு பேரில் நீங்கள் ஒருவர். மூன்று வருடம் ஓடியவர். எதை விட்டுவிட்டு ஓடினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஓடியதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

அவள் சொல்லி முடித்துவிட்டாள். தாளை உங்கள் முன்னால் வைத்துவிட்டு நிற்கிறாள். உட்கார நாற்காலி இல்லை. உங்கள் கையில் பேனா இருக்கிறது.

என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் தலையிடமாட்டேன். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள், அவ்வளவுதான். என் அக்கா.