முப்பது வேனும் ஒரே வாசலில்

தம்பிக்கு யோசனை வந்துவிட்டால் அக்காவுக்குத் தலைவலிதான்.

“இன்னிக்கு அந்தம்மா வர்றப்போ மேப்ல வண்டியெல்லாம் ஆளோட ஓடணும்க்கா. ஆபீஸ்ல இருக்கறவங்க எல்லாரும் மாத்தி மாத்தி புக் பண்ணுவோம்.”

“காதுல பூ சுத்தணும்னு சொல்லு.”

“டிமாண்ட் காட்டுறோம்.”

அந்தம்மா என்பவர் கம்பெனியில் ஏற்கெனவே ஒரு தடவை முதல் போட்டவர். மறுபடி போட்டால் கம்பெனி ஓடும், இல்லாவிட்டால் மாசக் கடைசியில் பூட்டு. அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் இந்தக் கம்பெனி என்றால் முப்பது மின்சார வேன்களும் ஒரு செயலியும்தான். செல்போனில் கூப்பிட்டால், ஒரே பக்கம் போகிற நாலைந்து பேரை ஒரு வேன் அள்ளிப்போட்டுக்கொண்டு அவரவர் வாசலில் இறக்கும். ஆரம்பத்தில் பாதிக் கட்டணத்தைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டபோது ஜனம் அலைமோதியது. சலுகை நின்றது, ஜனமும் நின்றது. இளவட்டங்கள் வாடகை ஸ்கூட்டருக்குத் தாவிவிட்டார்கள். மற்றவர்கள் ஒன்றுமே நடக்காததுபோல் பழைய பஸ்ஸுக்கே திரும்பினார்கள்.

அக்காவுக்குக் கவலை டிரைவர்களைப் பற்றி. எல்லாரும் டாக்சி ஓட்டியவர்கள். செயலிகள் வந்து சவாரியைப் பிடுங்கிக்கொண்ட பிறகு ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியை வித்துட்டு வாங்க, மாசச் சம்பளத்துக்கு நான் பொறுப்பு என்று அவர்களைக் கூட்டிவந்தது அவள்தான். தம்பி வார்த்தை கொடுத்திருந்தால் காற்றோடு போயிருக்கும். கொடுத்தது அவள்.

“போனை சைலன்ட்ல போடுக்கா. நடுவுல எவனாவது கூப்பிட்டு மானத்த வாங்கிடுவான்” என்றான் தம்பி. போட்டாள்.

பிறகு ஆபீஸே விழுந்தடித்துக்கொண்டு புக் பண்ணியது. கணக்குப்பிள்ளை, வரவேற்பில் இருக்கும் பெண், தம்பி பெண்டாட்டி, கீழ்மாடி உடற்பயிற்சி வகுப்பில் அவளோடு குதிக்கிறவர்கள் வரை ஒருவர் பாக்கியில்லை. போகிற இடத்தை ஆளுக்கொன்றாகப் போட்டார்கள். ஏறுகிற இடத்தை மாற்ற வேண்டும் என்று இத்தனை படித்த மண்டைகளில் ஒன்றுக்குக்கூட உறைக்கவில்லை. செயலி பாவம், ஊரே இந்த ஒரு வாசலில் காத்துக்கிடக்கிறது என்று நம்பிவிட்டது. கூட்டம் இருக்கிற இடத்துக்கு வண்டியை இழு என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கத்தான் போன தடவை வந்த பணத்தில் பாதி போனது.

இரண்டு பக்கமிருந்தும் வேன்கள் சந்துக்குள் புகுந்து மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. சோபா ஏற்றிவந்த லாரி ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டு அலறியது.

அந்தம்மாவின் கார் சந்து முனையிலேயே நின்றுவிட்டது. அவர் இறங்கி, போட்டிக் கம்பெனியின் வாடகை ஸ்கூட்டர் ஒன்றை எடுத்து, நடைபாதையில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே ஜன்னலுக்குப் போனார்.

“முப்பதும் இங்கதான் நிக்குதா?”

தம்பி எதையாவது பிடித்துக் கரையேறப் பார்த்தான். “எங்க டிரைவருங்க அப்படி மேடம். ஆப் சொன்னா கிணத்துலகூட குதிப்பாங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.”

“ஏன்னு கேக்காதவருக்கு எதுக்கு சம்பளம்?”

அவருடைய இன்னொரு கம்பெனி ஆளில்லாமல் ஓடும் வேன் செய்கிறதாம். ஒரு வருஷத்துக்குள் எல்லா வண்டியையும் அதற்கு மாற்றிவிட்டால், தம்பி கேட்ட தொகையைப்போல் இரண்டு மடங்கு போடத் தயார். அவர் பேசி முடிப்பதற்குள் தம்பியின் தலை ஆடத் தொடங்கிவிட்டது.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்து மேசையில் வைத்தாள். திரை முழுக்க டிரைவர்களின் தவறிய அழைப்புகள். ஸ்டாண்டில் தலைவராக இருந்த மூத்த டிரைவர் வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தார். அதைப் போட்டாள்.

“தங்கச்சி, ஆப் எல்லா வண்டியையும் ஆபீசுக்கே போகச் சொல்லுதே, ஏன்? இங்க ஆஸ்பத்திரி வாசல்ல நெசமாவே ஆளு நிக்குது. ஏத்தவா, விடவா? போனை எடும்மா.”

“ஏன்னு கேட்டது இவங்க மட்டும்தான் மேடம். இந்த சவாரியெல்லாம் நாங்களே போட்ட பொய்” என்றாள். தம்பி போனைப் பிடுங்கக் கை நீட்டினான்.

அந்தம்மா சிரித்தார். “அது எனக்கு முனையிலயே தெரிஞ்சுதும்மா. எல்லாரும் பண்றதுதான். ஆனா இத்தனை பேர் கூப்பிட்டிருக்காங்க, நீங்க ஒருத்தருக்கும் பதில் சொல்லலையே. டிரைவரே இல்லேன்னா இனிமே அந்தத் தொல்லையும் இல்ல.”

அறைந்த மாதிரி இருந்தது. “இனிமே நீயே பாத்துக்கோ” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

வாசலை ஒட்டி நின்றது தலைவரின் வேன். “என்ன தங்கச்சி, பணம் போடுறாங்களா?”

“போடுறாங்கண்ணே. உங்களுக்கில்ல. டிரைவர் இல்லாத வண்டிக்கு. ஒரு வருஷம்தான் இருக்கு.”

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று கதவைத் திறந்தாள்.

“புக்கிங் இருக்காம்மா?”

“விளையாடாதீங்கண்ணே.”

“இல்லாம ஏத்துனா சம்பளத்துல பிடிப்பீங்க. நீங்க போட்ட ரூல்தானே.”

அவர் சிரிக்கவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது, கோபப்பட உரிமையும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, கடைசி வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்ல சந்து முனைக்கு நடந்தாள்.